ஹெட்போனுக்கு மட்டும் எக்கோ

அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது, வீட்டில் என் மைக் ஸ்டாண்டின் திருகு லூசாக இருக்கிறதே என்பதுதான். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. ஸ்டாண்டு சரிந்தால் மைக் பாடுகிறவரின் மூக்கில் இடிக்கும், ஒரு வாஷர் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கேட்க வேண்டியதை அப்பாதான் கேட்டார்.

"அப்புறம் பேசவே முடியாதா சார்?"

கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நிறையப் பேர் பழகிக்கொள்கிறார்கள் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பழைய குரல் வருமா என்று அப்பா திரும்பக் கேட்டதற்கு மட்டும், "அது வராது சார்" என்றார். ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருந்தது.

திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து இரும்புலியூரைத் தாண்டியது. அப்புறம் அப்பா என் தொடையில் தட்டி, "டேய், அதுக்குள்ள உன் டப்பாவுல என்னைப் பிடிச்சு வச்சிடு" என்றார். சரி என்றேன். வாஷர் வாங்க வழியில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நாங்கள் இருப்பது சேலையூரில், முதல் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட். நான் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறவன். கடைசல் முடிந்து வரும் பாகங்களை அளந்து, கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மை தடவி ஒதுக்கி வைப்பது வேலை. வருடக்கணக்காக இதையே செய்தால் வீட்டுக்கு வந்தும் கண் சும்மா இருக்காது. சாம்பாரில் உப்பு, சுவரில் காலண்டர் தொங்கும் கோணம், பாஸ்டரின் பிரசங்கம் எல்லாமே எனக்கு பாஸ் அல்லது ரிஜெக்ட்தான். அதனால்தான் உனக்கு ஒரு பெண்ணும் அமையவில்லை என்பது அம்மாவின் கட்சி.

சனி, ஞாயிறுகளில் என் அறையில் சர்ச் ஆட்களுக்குப் பாட்டு ரெக்கார்ட் செய்து கொடுப்பேன். ஒரு கம்ப்யூட்டர், மைக்கையும் ஹெட்போனையும் அதோடு இணைக்கிற ஒரு சின்னப் பெட்டி, மேஜைமேல் இரண்டு ஸ்பீக்கர். ஸ்டுடியோ என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். பாடுகிறவர்கள் அம்மாவின் பீரோவைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டால் உள்ளே அடுக்கியிருக்கும் பட்டும் காட்டனும் குரலை உறிஞ்சிக்கொள்ளும், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் மைக்கில் விழாது. முதல்முறை வருகிற பெண்கள் பாட்டை விட்டுவிட்டுப் புடவைகளைத்தான் எண்ணுவார்கள்.

அப்பா அரசு ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் சபையில் அவருக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. யார் இறந்தாலும் கல்லறையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அங்கே மைக் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. பெட்டி இறங்கும்போது குடும்பத்தார் கதறுவார்கள், பாஸ்டருக்கே தொண்டை அடைக்கும், அப்பா மட்டும் சுருதி விலகாமல் நான்கு சரணத்தையும் பாடி முடிப்பார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார். அந்த மனிதருக்குத்தான் சில மாதங்களாகத் தொண்டை கரகரத்தது. மிளகுப்பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று அம்மா வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பங்குக்கு, கத்திப் பாடுவதைக் குறைக்கச் சொல்லி அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு முட்டாள்கள் நாங்கள்.

நான்கு பாட்டு என்று அப்பா முடிவு செய்தார். தினமும் பாடுகிற காலைக் கீர்த்தனை ஒன்று, கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று, கல்யாணப் பாட்டு ஒன்று, கல்லறையில் பாடுகிறது ஒன்று. கடைசியைக் கேட்டதும் அம்மா கோபித்துக்கொண்டாள்.

"அது எதுக்கு இப்ப? வேற பாட்டே கிடைக்கலியா உங்களுக்கு?"

"என் அடக்கத்துக்கு வேற யார் பாடுவா சொல்லு? ஒருத்தனுக்கும் சுருதி நிக்காது. நானே பாடி வச்சிட்டுப் போறேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் கோபப்பட்டிருக்க வேண்டும். கீர்த்தனை என்ன சுருதி, எத்தனை சரணம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை நேரம் ஒதுக்கினோம். எட்டேகாலுக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, பீரோவைத் திறந்து அப்பாவை நிறுத்தினேன். இரண்டே நிமிடத்தில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. குக்கர் வைக்கக் கூடாது என்று அம்மாவுக்குத் தடை போட்டிருந்தேன், பாவம், அந்த நாட்களில் சாதத்தை வடித்தாள். எதிர்ப்பக்கம் தண்ணீர் லாரி, மேலே விமானம், கீழே கோலமாவுக்காரர் என்று ஒன்று போனால் ஒன்று வரும். எல்லாம் ஓய்கிற இடைவெளி பார்த்து நான் கையைக் காட்டினால் அப்பா பாட வேண்டும்.

முதல் வரியோடு நிறுத்திவிட்டார்.

"என்னடா இது, வத்தக்குழம்பு சட்டியைக் கரண்டியால சுரண்டற மாதிரி இருக்கு. எக்கோ போடு."

பாஸ்டரிலிருந்து மைக்செட்காரர் வரை எல்லோருக்கும் அது எக்கோதான். திரும்பத் திரும்பக் கேட்டால் எக்கோ, கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல குரலுக்குப் பின்னால் ஒரு கார்வை நின்றால் அது ரிவர்ப் என்று நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். அன்றைக்கும் விளக்கினேன். "சரிங்க இன்ஜினியர் சார், அந்த ரிவர்ப் எக்கோவைப் போடுங்க" என்றார் அப்பா.

போட மாட்டேன் என்றேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வேதம் அதுதான்: குரலை வெறுமையாகத்தான் பதிவு செய்ய வேண்டும். எக்கோவை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். கூடவே பதிவாகிவிட்டால் அப்புறம் யாராலும் பிரித்தெடுக்க முடியாது. இது கடைசிப் பதிவு, இதில் ஒரு தூசிகூட ஒட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எக்கோ இல்லாமல் என்னால் பாட முடியாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. பதினோரு நாளில் ஒரு நாள்.

மறுநாள் சமரசம் செய்துகொண்டோம். எக்கோ அவருடைய ஹெட்போனுக்கு மட்டும். அவர் காதில் குரல் மினுக்கிக்கொண்டு கேட்கும், பதிவாவது வெறும் குரல். முதலில் கம்ப்யூட்டர் வழியாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் போய்த் திரும்பி வருவதற்குள் குரல் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகிவிட்டது. "எனக்குப் பின்னாடியே எவனோ பாடிட்டு வர்றான்டா" என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அப்புறம் அந்தச் சின்னப் பெட்டியிலேயே இருக்கும் எக்கோவைத் திருப்பிவிட்டேன். அது கம்ப்யூட்டருக்குள் போகாது, நேராகக் காதுக்கு வரும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் உள்ளங்கையை விரித்து நிறுத்தினார்.

பாடினார்.

என் காதில் நான் கேட்டது வேறு. எனக்கு வெறும் குரலை வைத்திருந்தேன், சத்தம் ஏதாவது விழுந்தால் தெரிய வேண்டுமே. கரகரப்பு, நடுநடுவே காற்று, மேல்ஸ்தாயியில் குரலே வராமல் வெறும் மூச்சு. அவர் முகத்தைப் பார்த்தால் அது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை பீரோக் கதவின் மேல், பழைய காலத்துக் கம்பீரத்தோடு நின்றிருந்தார். முடித்ததும் ஹெட்போனைக் கழற்றாமலேயே, தேவைக்கு மேல் சத்தமாக, "குரல் இன்னும் இருக்குடா!" என்றார். ஆமாம்பா என்றேன்.

அதற்கப்புறம் அவர் மாறிவிட்டார். காலை ஐந்தே முக்காலுக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என் அறை வாசலில் நிற்பார். ஒரு பாட்டுக்கு இரண்டு காலை. நன்றாக வந்த இடத்தையும் இன்னொரு தடவை பாடலாம் என்பார். பதிவானதைப் போட்டுக் காட்டு என்று அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. பாடும்போதே கேட்டாயிற்றே, அது போதும் என்று இருந்தார்.

கல்லறைப் பாட்டைக் கடைசியாக எடுத்தோம். ஒரே தடவையில் பாடி முடித்தார். மூச்சு வாங்கியதால் மூன்றாவது சரணத்தில் மட்டும் ஓர் இடைவெளி. அன்று மாலை அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "பாடும்போது அழுதாராடா?"

தெரியாது. நான் குரலின் அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு மீறினால் எரிகிற சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை என்பது நினைவிருக்கிறது.

ஆபரேஷன் நடந்தது. அதைப்பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நாற்காலிகள் நீல நிறம், காபி மெஷினில் சர்க்கரை தீர்ந்திருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, முன்பே ஒப்புக்கொண்டதால், வாலிபர் குழுவின் பாட்டு ஒன்றை வீட்டில் ரெக்கார்ட் செய்துகொடுத்தேன். அம்மா அங்கே வார்டில் உட்கார்ந்திருக்க, இங்கே ஆறு பேர் புடவைகளைப் பார்த்துக் கைதட்டிப் பாடினார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை.

வீட்டுக்கு வந்த அப்பாவுக்குக் கழுத்தில் ஒரு துளை இருந்தது. மூச்சு அதன் வழியாகத்தான். அதன்மேல் மெல்லிய துணி. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வருகிற கருவியை ஆஸ்பத்திரியில் ஒருமுறை முயன்று பார்த்தார். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புபோல ஒரு குரல் வந்தது. அம்மா திடுக்கிட்டதைப் பார்த்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார், மறுபடி தொடவில்லை. பிள்ளைகள் எழுதி விளையாடுகிற பட்டன் சிலேட்டு ஒன்றைத் தாம்பரம் மார்க்கெட்டில் அம்மா வாங்கி வந்தாள். எழுதுவார், காட்டுவார், பட்டனை அழுத்துவார், அழிந்துவிடும். ஹெட் கிளார்க் கையெழுத்து, எறும்பு ஊர்கிற மாதிரி நேராக இருக்கும்.

வந்த மூன்றாம் நாள் எழுதிக் காட்டினார்: 'பாட்டைப் போடு.'

நல்ல நேரம் பார்த்துப் போடுவதுபோல் நான் தயாரானேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் இருக்கிற நல்ல ரிவர்ப் ஒன்றைச் சேர்த்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். காலைக் கீர்த்தனை. பத்து விநாடிகூட இருக்காது. கண்ணைத் திறந்தார். சிலேட்டை எடுத்தார்.

'இது இல்ல.'

"இதுதாம்பா. நீங்க பாடினதுதான்."

'எக்கோ வேற.'

அது உண்மை. அன்றைக்கு அவர் காதில் கேட்ட எக்கோ பெட்டியில் இருந்தது, பதிவில் இல்லை. அந்த அளவு எங்கே நின்றது என்று நான் குறித்து வைக்கவில்லை. பட்டறையில் ஓர் அளவை மூன்று இடத்தில் எழுதுகிறவன், அதை ஒரு பஸ் டிக்கெட் பின்னால்கூட எழுதவில்லை. வாலிபர் குழுவுக்காகப் பெட்டியின் குமிழ்களையெல்லாம் நானேதான் திருப்பியிருந்தேன். மறுபடி பிடித்துவிடலாம்பா, எவ்வளவு நேரம் ஆகும் என்றேன்.

ஐந்து வாரம் ஆயிற்று. ஒவ்வொரு காலையும் ஆறரைக்கு அப்பா வந்து உட்காருவார், நான் குமிழைத் திருப்புவேன், அவர் தலையாட்டுவார். சின்ன அறை, பெரிய ஹால், மண்டபம் என்று கம்ப்யூட்டரில் வகை வகையாக இருக்கிறது. எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். 'தண்ணிக்குள்ள இருக்கு' என்று எழுதுவார். 'கிட்ட வா' என்று எழுதுவார். 'இரும்பு' என்று ஒரே சொல் எழுதுவார். நான் அதற்கேற்ப மாற்றுவேன். பெட்டியின் எக்கோவை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, அதன் வழியாகவே குரலை ஓடவிட்டும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை. வேறு எதைப்பற்றியும் பேச வேண்டியிருக்கவில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு கட்டத்தில் எனக்கு யோசனை தட்டியது. அப்பா வாழ்நாளெல்லாம் பாடியது எங்கள் சர்ச்சில், அந்தக் கூரையின் கார்வைதான் அவர் மனதில் இருக்க வேண்டும். ஓர் இடத்தின் கார்வையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. அந்த இடத்தின் நடுவில் ஒரு பலூனை உடைத்து, அது அடங்கும் வரை ரெக்கார்ட் செய்துகொண்டால் போதும். ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மைக்கும் பலூன் பாக்கெட்டுமாகப் போனேன். சர்ச்சைத் திறந்து மூடுகிறவர் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் ஊதிய முதல் பலூனை உடைத்ததும் துடைப்பத்தோடு உள்ளே ஓடிவந்தார்.

"இன்னா சார் பண்ற நீ? பர்த்டேவா?"

"அப்பா பாட்டுக்குண்ணா."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அப்பா பாட்டு என்றதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அவர் வந்து பாடி எவ்ளோ நாளாச்சு. கல்லறைல இப்ப செல்போன்ல போடறாங்க சார், பேஜாரா கீது" என்றார். ஃபேன்களை அணைத்துக்கொடுத்தார். மீதி பலூன்களை ஊதவும் உதவினார். ஏழு பலூன் உடைத்தோம்.

அன்று மாலையே வேலையை முடித்து, மறுநாள் காலை அப்பாவின் தலையில் ஹெட்போனை மாட்டினேன். இந்தமுறை முழுப் பாட்டையும் கேட்டார். இரண்டாவது சரணத்தில் தலை லேசாக அசைந்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் சிலேட்டை எடுத்து எழுதினார்.

'இது சர்ச்தான். நான் எங்க?'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்து வாரத்துத் தூக்கம், பலூன், லீவு எல்லாம் சேர்ந்து ஏறியது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வராத கோபம், டாக்டர் முன்னால் வராத கோபம், அந்தச் சிலேட்டைப் பார்த்து வந்தது.

"நீங்க இதுதாம்பா. உங்க குரல் அப்ப இவ்ளோதான் இருந்துச்சு. கேன்சர் குரல். காதுல எக்கோவைக் கொட்டி வச்சிருந்தேன், அதனால உங்களுக்குத் தெரியல. ஒலகத்துல இருக்கற எல்லா எக்கோவையும் போட்டாலும் இதுக்கு மேல வராது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா ஹெட்போனைக் கழற்றினார். வயரைச் சுருட்டி, எப்போதும் வைக்கிற ஆணியில் மாட்டினார். சிலேட்டின் பட்டனை அழுத்தினார். எழுதப் போகிறார் என்று காத்திருந்தேன். எழுதவில்லை, எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார், நான் ஷூ மாட்டும்போது நிமிர்ந்து கையசைப்பார். கோபம்கூட இல்லை. திட்டினாலாவது பரவாயில்லை என்று இருந்தது, ஆனால் அவர் எதை வைத்துத் திட்டுவார்? அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பட்டறையில் அன்று ஒரு தட்டு முழுக்க நல்ல பாகங்களைச் சிவப்பு மை தடவி ஒதுக்கியிருந்தேன். சூப்பர்வைசர் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பாட்டு என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா இனி அதைக் கேட்க மாட்டார். அவர் போன பிறகு நாங்கள் கேட்போம், கல்லறையில் யாராவது போடுவார்கள், எல்லோரும் நல்ல பதிவு என்பார்கள். அவருக்காக எடுத்தது அவருக்கு மட்டும் உதவாமல் போய்விட்டது. அந்த ஆளின் கடைசிக் குரலைச் சுத்தமாக எடுக்கிறேன் என்று எடுத்து, இதுதான் நீ என்று முகத்தில் அடித்துவிட்டேன். இதை நினைக்கும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன காலில் முள் குத்துகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக் காலை. ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துவிட்டது, உள்ளே எங்கோ வயர் அறுந்திருக்க வேண்டும். காலைக் கீர்த்தனையின் பின்னால் ஏதோ ஒரு ரீங்காரம் இருப்பதாக எனக்குப் பல நாளாகச் சந்தேகம். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் ரீங்காரம் இருக்கக் கூடாதல்லவா, என் புத்தி அப்படி. அப்பா குளியலறையில் இருந்தார், தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் பார்த்துவிடலாம் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அப்பாவின் பாட்டை அதுவரை ஒருமுறைகூட நான் ஸ்பீக்கரில் போட்டதில்லை. எக்கோ, சர்ச், மண்டபம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெறும் குரல் மட்டும். ரீங்காரம் தெரிய வேண்டுமென்று சத்தத்தையும் கூட்டி வைத்தேன். அறைக்கதவு திறந்திருந்தது.

குரல் ஹாலுக்குப் போயிற்று. எங்கள் வீட்டு மொசைக் தரையிலும் காலிச் சுவரிலும் பட்டு, சமையலறை வரைக்கும் போயிற்று. கரகரவென்று, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. நான் திரையில் கோடுகளைப் பார்த்து ரீங்காரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க, பாடினது போதும் வாங்க. இட்லி ஆறிப்போவுது."

முப்பத்தெட்டு வருடமாக அம்மா தினமும் காலையில் சொல்வது அதுதான். குளித்துவிட்டு வந்தால் அப்பா முழுக் கீர்த்தனையையும் முடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். கூப்பிடக் கூப்பிட, இதோ ஒரு சரணம் என்று கையைக் காட்டிக்கொண்டே பாடுவார். அந்த எரிச்சல் எல்லாம் அப்படியே அம்மாவின் குரலில் இருந்தது.

நான் திரும்பினேன். குளியலறை வாசலில் அப்பா துண்டோடு நின்றிருந்தார். கழுத்துத் துணி நனையாமல் இருக்க ஒரு கையைக் குவித்து மறைத்திருந்தார். இன்னொரு கை, சமையலறைப் பக்கம் பார்த்து, உயர்ந்திருந்தது. இதோ, ஒரு சரணம்.

அவருக்கே அது தெரிய ஒரு விநாடி ஆகியிருக்கும். கையை இறக்கவில்லை.

அம்மா கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், என் அறையைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பதறிப்போய் மவுஸைப் பிடித்தேன்.

"நிறுத்தாதடா" என்றாள் அம்மா. "அவர் முடிக்கட்டும்."

அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கரகரத்த இடத்தில் கரகரத்து, மூச்சு வாங்கிய இடத்தில் நின்று, ஒரு சொல்கூடத் தப்பாமல். எனக்குக் கண் நிறைந்தது, இத்தனை மாதமும் வராதது எல்லாம் ஒரேயடியாக வந்தது. நான் அழுவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். இன்னும் இரண்டு சரணம் இருந்தது. அப்பா பாடி முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.